தசரதன் மைக் செட்டும் ஏழாவது பாட்டும்

நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன். பதினாறு வருஷமாகக் கீழ்பென்னாத்தூர் தசரதன் அண்ணனின் மைக் செட் பெட்டிக்குப் பக்கத்தில்தான் என் கேமராவுக்கு சார்ஜ் ஏறுகிறது. அந்த உரிமையில் சொல்கிறேன், இந்த ஆனி மாதம் அந்த மனுஷன் பட்ட பாட்டை எதிரிகூடப் படக்கூடாது.

எல்லாம் அவர் மகள் கவிநிலாவால். கிட்டாரையும் பம்பை மேளத்தையும் சேர்த்துக்கொண்டு, சொந்தமாகப் பாட்டெழுதிக் கத்திப் பாடுகிறவள். ஃபோக் பங்க் என்று பெயராம். எனக்குக் காது வலிக்கும், பொய் சொல்வானேன். மூன்று வருஷத்துக்கு முன்பு ஊர்த் திருவிழா மேடையில், ஏரியை மனை போட்டு விற்றவர்களைப் பற்றிப் பாட ஆரம்பித்தாள். கமிட்டித் தலைவர் பரசுராமன், தசரதன் அண்ணனை ஒரு பார்வை பார்த்தார். ஊரில் பாதி விசேஷம் அவர் சொன்னால்தான் அண்ணனுக்கு வரும். அண்ணன் பாதிப் பாட்டில் மகளின் மைக்கை அணைத்துவிட்டு, ஜெனரேட்டருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். மறுநாள் காலையில் அவள் சென்னைக்கு பஸ் ஏறிவிட்டாள். அம்மாவிடம் மட்டும் போனில் பேசுவாள். அப்பாவோடு பேச்சே கிடையாது.

இப்போது அவளுடைய புது ஆல்பம் வந்திருக்கிறது. ஏழாவது பாட்டுக்குப் பெயர் 'எங்கப்பன் கை'.

அண்ணனுக்கு அதைக் கேட்க பயம். ஆனால் கேட்டவர்களை விசாரிக்காமல் விடவும் மாட்டார். திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் காபி கடை வைத்திருக்கும் இளவரசன், வெளிநாட்டுக்காரர்கள் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள் என்றான். எங்கள் ரூட் பஸ் கண்டக்டர், வெறும் இரைச்சல் என்று கையெடுத்துக் கும்பிட்டார். மூன்றாவது பாட்டுக்குக் கல்லூரிப் பெண்கள் அழுதார்களாம். ஏழாவதைப் பற்றி மட்டும் எல்லாரும் ஒரே குறை சொன்னார்கள்: நடுவில் நின்றுபோகிறது, நெட் சரியில்லை என்று அடுத்த பாட்டுக்குத் தள்ளிவிட்டோம். நானும் அப்படித்தான் தள்ளினேன்.

"என்னைத் திட்டியிருக்காளா, ஆதவா?" என்று என்னிடம் கேட்டார்.

நின்றதுவரை ஒன்றும் இல்லை என்றேன்.

"அப்ப அதுக்கு அப்புறந்தான் இருக்கும்," என்றார். அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவே இல்லை.

போன வெள்ளிக்கிழமை திருவண்ணாமலையில் பரசுராமனின் தம்பி மகனுக்குக் கல்யாணம். தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் நண்பர்கள் வந்து போனை நீட்டி, ஏழாவது பாட்டைப் போடச் சொன்னார்கள். பாடுகிறவள் யார் மகள் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அண்ணன் ஏதேதோ சாக்கு சொல்லிப் பார்த்தார். மாப்பிள்ளையே மேடையிலிருந்து போடச் சொல்லிக் கையைக் காட்டினான். வேறு வழியில்லாமல் போனை வயரில் மாட்டினார்.

பம்பை அதிர்ந்தது. அதே ஏரி, அதே வரிகள். பந்தியில் பரசுராமன் தலையை நிமிர்த்தினார். பாதியில் சட்டென்று எல்லாம் நின்றது.

"மைக் செட்டு, என்னாய்யா ஆச்சு?" என்று யாரோ கேட்டார்கள்.

அண்ணனின் கை பழக்கத்தில் வயரை அசைக்கப் போய், அப்படியே நின்றது. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பெரிய ஸ்பீக்கரில் மெல்லியதாக ஓர் உறுமல் வந்தது.

"இது நம்ம ஜெனரேட்டரு," என்றார் அண்ணன்.

அந்த உறுமலுக்கு மேலே, மைக் இல்லாத வெறும் தொண்டையில் கவிநிலா விட்ட இடத்திலிருந்து பாடினாள். மூன்று வருஷத்துக்கு முன்பு அந்தத் திருவிழாவில் யாரோ கூட்டத்தில் நின்று போனில் பிடித்தது. மைக்கை அணைத்த பிறகும் அந்தப் பெண் பாட்டை முடித்திருக்கிறாள். ஜெனரேட்டருக்குப் பின்னால் இருந்த அப்பனுக்குத்தான் அது கேட்கவில்லை.

பரசுராமன் எச்சில் கையோடு வந்து நின்றார். "நிறுத்துய்யா அதை."

"அன்னிக்கு நிறுத்திட்டேங்க," என்றார் அண்ணன். "இன்னிக்கு முடியட்டுங்க."

பாட்டு முடிந்தது. திட்டு ஒன்றும் இல்லை. கடைசியில் கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே, மூச்சு வாங்கிக்கொண்டு அவள் யாரையோ கேட்டது மட்டும் பதிவாகியிருந்தது. "எங்க அப்பா எங்க?"

பரசுராமன் பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டார். இனி அவர் பக்கத்து விசேஷம் எதுவும் வராது. அண்ணன் வயரைச் சுற்றவில்லை. மண்டபத்து வாசலுக்குப் போய், வீட்டுக்கு போன் போட்டு நம்பர் வாங்கி, மகளைக் கூப்பிட்டார். அவள் எடுத்தாள்.

"ஜெனரேட்டரு பின்னாடிதாம்மா இருந்தேன்," என்றார்.