வாரண்ட் சிஸ்டரின் நீல நோட்டு

எங்கள் ஆஸ்பத்திரியில் சிறுநீரகப் பிரிவின் தலைமை நர்ஸுக்கு நாங்கள் வைத்த பெயர் வாரண்ட் சிஸ்டர். அவர் போன் போட்டால் ஆள் வந்தே தீர வேண்டும். நான் அங்கே எக்ஸ்ரே எடுப்பவன். எனக்கு அவரைப் பிடிக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இப்போதெல்லாம் கல்லுக்கு வயிற்றைக் கிழிப்பதில்லை. சிறுநீர் வரும் வழியிலேயே மெல்லிய கருவியை மேலே ஏற்றி, லேசரால் பொடியாக்கிவிடுகிறார்கள். மறுநாளே வீட்டுக்குப் போகலாம். ஆனால் துகள் அடைத்துக்கொள்ளாமல் இருக்க, உள்ளே ஒரு சின்னக் குழாயை விட்டு அனுப்புவார்கள். ஸ்டென்ட் என்பார்கள். சில வாரத்தில் அதை எடுத்துவிட வேண்டும். விட்டால் அதன் மேலேயே கல் கட்டும். வலி போனதும் ஜனங்கள் மறந்துவிடுவார்கள். அதற்குத்தான் சிஸ்டரின் நீல நோட்டு. யாருக்கு எப்போது வைத்தது, எப்போது எடுப்பது, எல்லாம் அதில் இருக்கும். தேதி தாண்டியவர்களைப் போனில் கிழிகிழியென்று கிழிப்பார்.

"உள்ள இருக்கிறது உங்க அப்பன் வீட்டுச் சொத்தா? நாளைக்கே வந்து குடுத்துட்டுப் போங்க."

பதினோரு வருடத்தில் அந்த நோட்டில் ஏறிய ஒரு குழாய்கூடத் தவறியதில்லை. பிடிக்காவிட்டாலும் அதைச் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய நாத்தனாருக்குக் கல் வந்தது. துணிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவள். வரிசைப்படி என்றால் இரண்டு மாதம் ஆகும். சிஸ்டர் டாக்டரிடம் பல்லைக் காட்டி, இரண்டு ஆபரேஷனுக்கு நடுவில் அவளை நுழைத்துவிட்டார். நோட்டில் எழுதினால் காத்திருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று எழுதவில்லை.

"நம்ம வீட்டு ஆளு சார், நான் பாத்துக்கறேன்" என்றார் டாக்டரிடம்.

குழாய் இருப்பதை நாத்தனாரிடமும் சொல்லவில்லை. "சொன்னா அழுது ஊரையே கூட்டிடுவா" என்று என்னிடம் சிரித்தார்.

அப்புறம் மறந்தே போனார்.

இடுப்பு வலிக்கிறது என்று அவள் சொன்னதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கு நடித்துக் காட்டுவார். "வேலைன்னா மட்டும் மகாராணிக்கு இடுப்பு புடிச்சுக்கும்." எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

போன மாதம் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு வந்தாள். நான்தான் படம் எடுத்தேன். குழாய் முழுக்கக் கல் படிந்து, மேல்முனை கோழிமுட்டை அளவுக்கு இருந்தது. சிஸ்டரும் படத்தைப் பார்த்தார். அந்தச் சிறுநீரகம் செத்துப்போயிருந்தது. கிழித்தே எடுத்தார்கள்.

மறுநாள் காலை படங்களைக் கொடுக்கப் போனபோது, நீல நோட்டின் பழைய பக்கம் ஒன்றில், அடியில் மிச்சமிருந்த வரியில் சிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தார். நாத்தனார் பெயர், பழைய தேதி, பக்கத்தில் 'மூன்று முறை போன் செய்தும் வரவில்லை'. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீங்க எக்ஸ்ரேவ மட்டும் பாருங்க."

அதைத்தான் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

டாக்டருக்கும் அந்த வரி வசதியாக இருந்தது. நோட்டைக் கட்டிலுக்கே கொண்டுவந்து காட்டினார். நாத்தனார் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்க அண்ணி. கடைக்குள்ள போனதும் போனை வாங்கி வெச்சிடுவாங்க. நீங்க கூப்பிட்டதே எனக்குத் தெரியல."

"சரி, விடு" என்றார் சிஸ்டர். "இனிமேலாவது கூப்பிட்டா எடு."