சகலைக்கு விழுந்த கைதட்டல்

அலுவலகத்தில் அவருக்கு ‘அடைப்புக்குறி’ என்று பெயர். லிஃப்ட் தயாரிக்கும் கம்பெனி அது. பழுதுபார்ப்புக் கையேடுகளை எழுதித் தொகுக்கும் பிரிவில் அவர் பழைய ஆள். கையேட்டின் ஒவ்வொரு பத்திக்கும் முன்னும் பின்னும் கூரான அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர் போட்டு வைப்பதுதான் வேலை: இது எச்சரிக்கை, இது செய்முறை, இது உதிரிபாக எண். அப்படிக் குறித்து வைத்துவிட்டால் அதே எழுத்து அச்சுப் புத்தகத்திலும் வரும், மெக்கானிக்கின் கைபேசியிலும் வரும். ஒரு இடத்தில் திருத்தினால் போதும், எல்லா இடத்திலும் திருந்தும். ஆனால் ஒரே ஒரு குறியை மூட மறந்தாலும் மொத்தக் கையேடும் மக்கர் பண்ணும். பக்கத்து மேசைக்காரர் திரையில் விட்டுப்போன குறியை இவர் நடந்துபோகிற போக்கிலேயே பார்த்துச் சொல்லிவிடுவார். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர்.

வீட்டில் இந்த வேலை யாருக்கும் பிடிபடவில்லை. மாமனார், “மூத்த மாப்பிள்ளை லிஃப்ட் ரிப்பேர் பண்றார்” என்றே ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அவர் குடியிருக்கும் கட்டடத்தில் ஒருநாள் லிஃப்ட் நின்றுபோனபோது, ஸ்பேனரோடு வரச்சொல்லி போனே போட்டுவிட்டார்.

இவர் வேலை என்னவென்று புரிந்த ஒரே சொந்தக்காரர் சகலைதான். மனைவியின் தங்கை கணவர். வயதில் இளையவர், வாய்க்காரர். மருந்துக் கம்பெனி ஒன்றில், மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தகவல் தாள்களை இதே முறையில் பல மொழிகளில் தயாரிக்கும் குழுவுக்குத் தலைவர். அந்த வேலைக்குச் சேர்ந்த புதிதில், “சகலை, உங்க பொழப்பே எனக்கும் வந்து மாட்டியிருக்கு, இது என்னன்னு கொஞ்சம் சொல்லிக் கொடுங்க” என்று வீட்டுக்கே வந்து உட்கார்ந்தவர். இவரும் ஆற அமரச் சொல்லிக் கொடுத்தார். குடும்பம் கூடும் இடங்களில் மற்றவர்கள் டிவி பார்க்க, இவர்கள் இருவரும் பால்கனியில் நின்று குறிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அந்த வருடம் இந்தத் துறைக்காரர்களுக்கென்றே ஒரு மாநாடு நடந்தது. விமான நிறுவனம், வங்கி, சட்டப் பதிப்பகம், மருத்துவமனை என்று பல துறைகளில் இந்தக் குறியிடும் முறையை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பேசுவதற்கு. அடைப்புக்குறிக்கும் பேச அழைப்பு வந்தது. புதுச் சட்டை எடுத்தார். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசிப் பார்த்தார்.

பிறகு நிகழ்ச்சி நிரல் வந்தது. தொடக்க உரை, பெரிய அரங்கு: சகலை. சாப்பாட்டுக்குப் பிறகு, மாடியில் சின்ன அறை: இவர்.

“ரெண்டு மருமகனும் ஒரே இடத்துல பேசுறாங்களாமே!” என்று மாமியார் பூரித்துப்போனார். கூடவே, “சின்னவர்தான் முதல்ல பேசுறாராம்” என்றார். அந்த ‘தான்’ இவர் வயிற்றில் போய் நின்றது.

மாநாட்டு நாளன்று, பெரிய அரங்கின் நடுவரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்தார். சகலை மேடையேறினார். கையில் காகிதம் இல்லை. வீட்டில் பேசுகிற மாதிரியே ஆரம்பித்தார்.

“எங்க வேலை என்னன்னு கேட்டா சமையலறைக்குத்தான் கூட்டிட்டுப் போவேன். உப்பும் வெள்ளை, சர்க்கரையும் வெள்ளை. டப்பா எவ்வளவு அழகா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. உள்ள என்ன இருக்குன்னு மேல எழுதி ஒட்டணும். நாங்க எழுத்துக்கு அதைத்தான் செய்யறோம். இது சிவப்பா தெரியணும்னு எழுத மாட்டோம். இது எச்சரிக்கைன்னு எழுதுவோம். எப்படித் தெரியணுங்கறதை அப்புறம் பாத்துக்கலாம்.”

அரங்கு சிரித்தது, தட்டியது. அடைப்புக்குறிக்குக் காது சூடாகிவிட்டது. என் டப்பா! என் உப்பு, என் சர்க்கரை! பால்கனியில் நின்று நான் சொன்னதை, சொல் மாறாமல்! பக்கத்தில் இருந்த வங்கிக்காரர், “என்னமா சொல்றார் பாருங்க” என்று இவர் தோளை இடித்தார். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார். அதற்குப் பிறகு சகலை பேசிய ஒவ்வொரு நல்ல வார்த்தையும் இவருக்குத் தன் சட்டைப்பையிலிருந்து உருவியது போலவே இருந்தது. பேச்சு நன்றாக இருந்ததுதான் தாங்கவில்லை. சொதப்பியிருந்தால் மன்னித்திருப்பார்.

கேள்வி நேரம் வந்தது. இவர் கை தானாகவே மேலே போனது. மைக் கைக்கு வந்தது.

“ஒரு மருந்தோட எச்சரிக்கையைத் திருத்தினா எல்லா மொழியிலயும் திருந்துதுன்னு சொன்னீங்க. ஒரு மொழியில மட்டும் பழைய எச்சரிக்கையே அச்சு வரைக்கும் போனது உண்டா?”

உண்டு. அது இவருக்கு நன்றாகவே தெரியும். இவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சகலையே மனசு விட்டுச் சொன்ன கதை அது. அச்சு இயந்திரம் ஓடுவதற்கு முன் பிடித்துவிட்டார்கள். ஆனாலும் அந்த வாரம் முழுக்கத் தூக்கம் வரவில்லை என்று சொல்லியிருந்தார்.

சகலை இவரைப் பார்த்தார். முகம் சட்டென்று வாடியது. “உண்டு” என்றார். “அச்சாகறதுக்கு முன்னாடி பிடிச்சிட்டோம். தவறின இடத்தை இன்னும் முழுசா சரிபண்ணல.” அரங்கில் ஒரு சலசலப்பு. முன்வரிசையில் அவருடைய மேலதிகாரி திரும்பிப் பார்த்தார். பிறகு விழுந்த கைதட்டலில் முன்பிருந்த உற்சாகம் இல்லை.

தேநீர் இடைவேளையில் அடைப்புக்குறிக்கு உச்சி குளிர்ந்திருந்தது. கோப்பையோடு படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கி மனைவிக்குப் போன் போட்டார்.

“உன் தங்கச்சி புருஷன் பண்ணின வேலையைக் கேளு. உப்பு டப்பா, சர்க்கரை டப்பா கதையை அப்படியே தன்னோடது மாதிரி சொல்லிட்டார். நான் சொன்னதுடி அது!”

மறுமுனையில் மனைவி, “நீங்க சொன்னதா?” என்றாள். “ஏங்க, உங்க வேலையைப் பத்தி நீங்க விளக்கி விளக்கி எனக்கு ஒண்ணுமே புரியலன்னு, ‘அப்ப நான் டப்பாவுல எழுதி ஒட்டற மாதிரியா’ன்னு கேட்டது யாரு? நானில்லையா?”

அவருக்கு நினைவு வந்தது. அவள்தான் கேட்டாள். கையில் டப்பாவும் இருந்தது.

“நீங்க இத்தனை வருஷமா உங்களோடதுன்னு சொல்லிட்டுத் திரியறீங்க. நான் வாயைத் திறந்தேனா?” என்றாள். “சரி, அப்புறம் என்ன பண்ணினீங்க? சும்மா வந்திருக்க மாட்டீங்களே.”

கேள்வி கேட்டதைச் சொன்னார். சொல்லும்போதே குரல் இறங்கியது.

“நம்ம வீட்டுல சாப்பிட்டுக்கிட்டே சொன்னதையா? அத்தனை பேர் முன்னாடியா?” என்றாள். போனை வைத்துவிட்டாள். தேநீர் ஆறிப்போயிருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு மாடி அறையில் பாதி நாற்காலிகள் காலி. வந்தவர்களிலும் சிலர் கண் சொருகிக்கொண்டிருந்தார்கள். இவர் பேச எழுந்தபோது கதவு திறந்தது. சகலை உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கையைக் கட்டிக்கொண்டார். இப்போது என்னை மடக்கத்தான் வந்திருக்கிறார் என்று அடைப்புக்குறி நினைத்தார். வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

“காலையில ஒரு டப்பா உதாரணம் கேட்டிருப்பீங்க” என்று ஆரம்பித்தார். “அது என் மனைவி சொன்னது.” பிறகு லிஃப்ட் எச்சரிக்கைகளுக்குப் போனார். மூல எச்சரிக்கை மாறியவுடன் மற்ற மொழிப் பத்திகள் எல்லாவற்றிலும் ‘பழையது’ என்று ஒரு குறி தானாக ஏறிவிடும். மொழிபெயர்ப்பாளர் அதைப் பார்த்து எடுக்கும்வரை கையேடு வெளியே போகாது. தாங்களும் ஒருமுறை சறுக்கி விழுந்த பிறகுதான் இதைச் செய்ததையும் சொன்னார். அதைச் சொல்வதாக முதலில் திட்டமில்லை. கடைசி வரிசையில் கட்டியிருந்த கை அவிழ்ந்து பேனாவை எடுத்தது. சகலை கேள்வி எதுவும் கேட்கவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் சகலையைப் பிடித்தார். “சகலை, காலையில நான் கேட்டது தப்பு. வயித்தெரிச்சல்ல கேட்டுட்டேன்.”

“கேள்வி சரியான கேள்விதான்” என்றார் சகலை. “கேட்ட ஆள்தான் சரியில்ல.” சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அதன்பிறகு குடும்பம் கூடினால் சகலை வந்தார், சிரித்தார், மழையைப் பற்றியும் போக்குவரத்து நெரிசலைப் பற்றியும் பேசினார். வேலையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. பால்கனியில் இவர் தனியாக நின்றார். மாமனார் பக்கத்தில் வந்து, “லிஃப்ட் கயிறு எத்தனை வருஷம் தாங்கும் மாப்பிள்ளை?” என்று கேட்டார். தான் இத்தனை காலம் பொறாமைப்பட்டது, தன் பேச்சு புரிகிற ஒரே ஆளைப் பார்த்துத்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆனாலும் மருந்துக் கம்பெனியில் சகலைக்குப் பதவி உயர்வு என்று கேள்விப்பட்டபோது வயிறு எரியாமல் இல்லை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சகலை மடிக்கணினியோடு வாசலில் நின்றார்.

“அந்தப் ‘பழையது’ குறியை எங்க தாள்ல ஏத்திப் பாத்தோம். எல்லாம் ஏறுது, அட்டவணைக்குள்ள மட்டும் ஏற மாட்டேங்குது” என்றார். நலம் விசாரிக்கவில்லை. இவரும் விசாரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார்.

மத்தியானம் வரை மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அடைப்புக்குறி ஒரு வழியைச் சொன்னார், அது பாதியில் நின்றது. சகலை கொஞ்சம் யோசித்து, அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி அடையாளம் கொடுத்து, கடைசிக் கட்டத்திலிருந்து மேல்நோக்கிப் போய்ப் பார்த்தார். ஏறிவிட்டது. அழகான வழி. இவருக்கு இந்த ஜென்மத்தில் தோன்றியிருக்காது. வயிற்றில் அதே பழைய நெருப்பு ஒரு சுற்றுச் சுற்றியது.

தண்ணீர் குடித்தார். நாற்காலியை இன்னும் கிட்டே நகர்த்தினார்.

“சகலை,” என்றார், “இது எப்படிப் பண்ணீங்க? முதல்லேர்ந்து ஒருதரம் காட்டுங்க.”