கேக்கில் ஒரு மாப்பிள்ளை, சான்றிதழில் ஒரு மாப்பிள்ளை

கிரேக்க நாட்டு வோலோஸ் ஊரில் யார் வீட்டுக் குளியலறைக்காவது ஓடு பதிக்க ஆள் வேண்டுமென்றால், "தனாசிஸைக் கூப்பிடு" என்பார்கள். இருபத்தாறு வருஷமாக அதே பேச்சுதான். ஆனால் ஆள் அல்பேனியாக்காரர்; பெற்றவர்கள் வைத்த பெயர் லுவான். வந்த புதிதில் மேஸ்திரிக்கு அந்தப் பெயர் நாக்கில் நிற்கவில்லை. "தனாசிஸ்னு கூப்பிடறேன், கோவிச்சுக்காதே" என்றார். இவர் எதற்குத்தான் கோவித்துக்கொண்டார்! வருஷா வருஷம் ஜனவரி பதினெட்டு, அந்தப் பெயருடைய புனிதரின் நாளில், கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, காபிக்கடை முழுக்க இனிப்பும் கொடுத்துவிடுவார். வந்து ஒட்டிக்கொண்ட பெயருக்கு அவ்வளவு விசுவாசம். நிரந்தரக் குடியிருப்பு அட்டையில் மட்டும் லுவான் என்று இருந்தது. அது பர்ஸுக்குள் கிடந்தது.

நாற்பத்தொன்பதாம் வயதில் ஆண்டவர் அவருக்குக் கல்யாண ஆசையைக் கொடுத்தார். பெண் லமாரா, ஜார்ஜியாக்காரி. பக்கத்துத் தெருவில் ஒரு நோயாளிப் பெரியவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அவர் காலமானதும் சொந்த ஊருக்குப் போய்விட்டாள். அவளை எப்படி அழைத்து வருவது என்று வக்கீல் ஸ்தமாத்தியாவிடம் போய்க் கேட்டார்.

"மூணு வழி இருக்கு. முதல்ல நீங்க இந்த நாட்டுக் குடிமகனாகலாம். அப்புறம் மனைவியைக் கூப்பிடறது லேசு. ஆனா பரீட்சை எழுதணும், வருஷக்கணக்காகும்."

"பரீட்சைக்குப் பயந்துதானே வக்கீலம்மா நான் ஓடு பதிக்கவே வந்தேன்!"

"சரி, அவங்க விருந்தாளியா வந்து இங்கயே கட்டிக்கலாம். ஆனா அதோட தங்கிட முடியாது. திரும்பப் போய் விசாவுக்குக் காத்திருக்க வேண்டி வரும்."

"மோதிரம் மாட்டின கையோட வழியனுப்பவா? வேண்டாம்மா."

"அப்போ அங்க போய்க் கட்டிக்கிட்டு சான்றிதழோட வாங்க. உங்க அட்டையை வச்சுக் குடும்பத்தைச் சேர்த்துக்க விண்ணப்பிக்கலாம். வீடு, வருமானம் காட்டணும். நிஜக் கல்யாணம்தான்னு போட்டோ, கடிதம் எல்லாம் வைங்க."

காபிக்கடை வாங்கேலிஸ் கேட்டுவிட்டுச் சிரித்தான். "மூணு வழி சொன்னாங்களே, தப்பிக்க ஒரு வழி சொன்னாங்களாடா?"

தனாசிஸ் ஜார்ஜியாவுக்குப் போனார், கட்டிக்கொண்டார், வந்து விண்ணப்பம் போட்டார். ஒரு மாதத்தில் குடியேற்ற அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. மேஜை முழுக்கக் கல்யாணப் போட்டோக்கள். கேக்கின் மேல் பெரிதாக 'லமாரா – தனாசிஸ்'. பக்கத்தில் கடிதக் கட்டு. எதைப் பிரித்தாலும் 'என் அன்புத் தனாசிஸ்'.

அதிகாரி அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். "சான்றிதழ்ல மாப்பிள்ளை லுவான். கேக்குல தனாசிஸ். இந்தம்மா யாரைத்தான் கட்டிக்கிட்டாங்க?"

"ரெண்டு பேரும் நான்தாம்மா."

"வாயால சொன்னாப் போதாது. பத்து நாள் தர்றேன். நிரூபிக்கலேன்னா தள்ளுபடி."

தொங்கின தலையோடு காபிக்கடைக்கு வந்தார். வாங்கேலிஸ் அப்போதும் விடவில்லை. "அடப்பாவி, அப்போ இத்தனை வருஷமா யாரோட இனிப்பைத் தின்னோம்?" இவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் அவன் குரல் இறங்கிவிட்டது. "சும்மா இருடா. நாங்க எதுக்கு இருக்கோம்?"

இரண்டு சாட்சி போதும் என்றார் வக்கீலம்மா. மறுநாள் காலையில் அலுவலகத்தில் பதினோரு பேர் வந்து நின்றார்கள். வாங்கேலிஸ் கடைச் சுவரிலிருந்த படங்களைக் கழற்றி மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். எல்லாம் ஜனவரி பதினெட்டில் எடுத்தவை. எல்லாவற்றிலும் இனிப்புத் தட்டோடு அவரே.

"பாருங்கம்மா, தட்டு அதேதான். முடி மட்டும் வருஷா வருஷம் குறையுது."

அதிகாரி அம்மாள் மிகப் பழைய படத்தை எடுத்து, லுவான் என்ற பெயரில் கோப்பிலிருந்த அவருடைய முதல் குடியிருப்பு அனுமதிச் சீட்டின் போட்டோவோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். அதே மீசை, அதே மிரண்ட பார்வை. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ரெண்டு பேர் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. மத்தவங்க வெளிய போங்க" என்றாள். தனாசிஸ் அன்றே கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றினார். லமாராவுக்குப் போன் போட்டுக் கண்டிப்பாகச் சொல்லியும்விட்டார்: "இனிமே ஆபீசர், போலீஸ் இருக்கிற இடத்துல லுவான்னுதான் கூப்பிடணும்."

நாலு மாதம் கழித்து விசா வந்தது. ஏதென்ஸ் விமான நிலையத்தில் பூங்கொத்தோடு எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். லமாரா ஒரு போலீஸ்காரர் பக்கமாகத்தான் வெளியே வந்தாள்.

"லுவான்! லுவான்!"

இவர் யாருக்கோ வழிவிட்டு மரியாதையாக ஒதுங்கி நின்றார்.

கூட வந்திருந்த வாங்கேலிஸ் அவர் விலாவில் இடித்தான். "உன்னைத்தாண்டா!"