வாஷ்பேசின் முன்னால் இரண்டு பேர்

இல்லத்தரசி உத்தியோகத்தில் முக்கால்வாசி வேலை அடுத்தவர் வாயைக் கவனிப்பது: உள்ளே என்ன போகிறது, எப்போது போகிறது, போன பிறகு என்ன குறை வெளியே வருகிறது. நைட் ஷிஃப்ட் கணவரைக் கட்டிக்கொண்டு, பகலெல்லாம் மிக்ஸியைத் தொடப் பயந்து வாழும் என் இனத்துச் சகோதரிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்கள் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

சத்தம் போடாத வீடு

இவர் கம்பெனி மண்ணூர்பேட்டையில் இருந்தவரை மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்துவிடுவார். கம்பெனி செம்பரம்பாக்கம் தாண்டிப் போனது, இவருக்கு நிரந்தர நைட் ஷிஃப்ட் வந்தது. முகப்பேரில் எங்கள் தெருமுனைக்கு எட்டே முக்காலுக்கு வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும், காலை ஏழரைக்குக் கொண்டுவந்து கொட்டும். படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். பையன் பெங்களூரில். ஆக, பகலில் ஒரு மூடிய கதவோடு நான், ராத்திரி டிவியோடு நான்.

குக்கர் விசில் அடிக்கும் முன்பே அடுப்பை அணைப்பேன். ஃபோனில் கிசுகிசுப்பேன். பாத்திரம் தேய்க்க வரும் செல்வி ஒரு தட்டை இன்னொரு தட்டின் மேல் வைத்தால் போதும், விரலை உதட்டில் வைத்து முறைப்பேன். அவளும் எத்தனை நாள் பொறுப்பாள்? ஒருநாள் கையை உதறிவிட்டுச் சொன்னாள்: "சாவு ஊட்ல கூட இத்தவிட சத்தம் கீதுக்கா."

டிபனுக்கு முன்னா, பின்னா

ஒரு காலையில் இவர் வலது தாடை வீங்கி வேனிலிருந்து இறங்கினார். மேற்கு முகப்பேரில் ஒரு பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். என் பையன் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. ஒரு கடைவாய்ப்பல்லை எடுத்தே தீர வேண்டும் என்றாள். பக்கத்துப் பல்லுக்கு மூன்று மாதம் தவணை. ஒழுங்காகத் தேய்த்தால் தங்கும், இல்லாவிட்டால் அதுவும் போய்விடும்.

"தினம் காலையில தேய்க்கிறேனே டாக்டர்" என்றார் இவர், பொய்ப் புகார் வந்தவர் மாதிரி. உண்மைதான். வேனிலிருந்து இறங்கியதும் முதல் வேலை அதுதான், ஊருக்கே விடிந்துவிட்டதே. அதன் பிறகு சர்க்கரை தொட்டு இட்லி, பாயசம் மாதிரி இரண்டு டம்ளர் காபி, அப்படியே படுக்கை. எழுந்ததும்? அது சாயங்காலம், சாயங்காலத்தில் யாராவது பல் தேய்ப்பார்களா? எனக்குப் பொறுக்கவில்லை. "ஷிஃப்ட் முடிஞ்சா மெஷினைத் துடைச்சு வெச்சிட்டு வர்றீங்க, வாயை மட்டும் சர்க்கரை போட்டு மூடி வெக்கிறீங்களா?" என்றேன். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு இவரிடம் சொன்னாள்: "சார், கடிகாரத்தை விடுங்க. நீங்க எப்போ தூங்கப் போறீங்களோ அதுதான் உங்க ராத்திரி. சாப்பிட்டு முடிச்சு, தேய்ச்சிட்டுப் படுங்க."

அடுத்தது நான்

"நீங்களும் உட்காருங்க ஆன்ட்டி" என்றாள். எனக்கு என்ன குறை? கான்வென்ட்டில் ப்ரேயருக்கு முன்னால் வரிசையாக நிறுத்தி நகத்தையும் பல்லையும் பார்ப்பார்கள், நான் ஒருநாளும் மாட்டியதில்லை. இவள் ஈறை லேசாகத் தொட்டதும் ரத்தம் வந்தது. "ராத்திரி தேய்க்கிறீங்களா?" "ம்" என்றேன்.

நடப்பது என்னவென்றால், வேன் போன பிறகுதான் என் தட்டு மடிக்கு வரும். அப்புறம் மிக்சர் டப்பா. அப்புறம் சோபாவிலேயே தூக்கம். பையன் இருந்தபோது அவனைத் திட்டித் தேய்க்க வைக்கிற சாக்கில் நானும் தேய்த்துவிடுவேன். அவன் போன பிறகு, திட்டுவதற்கு ஒரு வாய் மிச்சம் இருக்கிறது, அது என்னுடையது என்று எனக்குத் தோன்றவே இல்லை. பக்கத்தில் வந்து பேச ஆள் இருந்தால் அல்லவா வாய் நாறுமோ என்ற கவலை. டாக்டர் என் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க 'ம்'னு சொல்றீங்க ஆன்ட்டி, உங்க ஈறு 'இல்ல'ன்னு சொல்லுது."

பிரிக்காத பாக்கெட்

மெத்தென்ற பிரஷ் வாங்கச் சொல்லியிருந்தாள். இவருடைய பழைய பிரஷ் லாரி ஏறின துடைப்பம் மாதிரி இருந்தது. என்னுடையது இன்னும் கொஞ்ச நாள் ஓடும் என்று கடையில் ஒன்றுதான் கேட்டேன். கடைக்காரர் ஜோடிப் பாக்கெட்டை எடுத்து வைத்தார். பிரித்துக் கொடுங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "வீட்ல ரெண்டு பேர் இருக்கீங்க இல்ல?"

பேஸ்ட் வைத்த பிரஷ்

அன்றிலிருந்து சட்டம் மாறியது. காலையில் வாயைக் கொப்பளித்துவிட்டுக் காத்திருப்பேன். இரண்டு பேரும் டிபன் சாப்பிட்டுவிட்டுத் தேய்ப்போம். ராத்திரியும் வேனுக்கு முன்பே சாப்பிட்டுவிட்டுத் தேய்ப்போம். பேசின் ஒரு ஆளுக்குச் செய்தது, முழங்கை இடிக்கும். பேசாத மனுஷன், வாய் நிறைய நுரையை வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். புது சூப்பர்வைசரைப் பற்றி, விடியும் நேரத்தில் ஏரிப் பக்கம் இறங்கும் பனியைப் பற்றி. பாதி புரியாது. தலையை ஆட்டுவேன். "உள்பக்கம் தேய்க்கலை" என்று நடுவில் அதட்டுவேன்.

ஒரு சாயங்காலம் பையன் ஃபோன் செய்து, கிறிஸ்மஸுக்கு வர முடியாது என்றான். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "நீங்க தேய்ச்சிட்டுக் கிளம்புங்க, நான் அப்புறம் பார்த்துக்கறேன்" என்று சோபாவில் சாய்ந்துவிட்டேன். தெருமுனையில் ஹாரன் கேட்டது. இவர் இரண்டு பிரஷ்ஷிலும் பேஸ்ட் வைத்து, என்னுடையதை டம்ளர் மேல் படுக்கவைத்துவிட்டு, தன்னுடையதைக் கையில் பிடித்தபடி பேசின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். மறுபடி ஹாரன். "வேன் போயிடப் போகுது" என்று கத்தினேன். இவர் திரும்பவே இல்லை. "போனா பஸ்ல போறேன். நீ ரெண்டு வாய் சாப்பிட்டு வா ஸ்டெல்லா, ஒண்ணா தேய்ப்போம்."

தவணை முடிந்தது

பல் தங்கிவிட்டது. என் ஈறும் இப்போது உண்மை பேசுகிறது. வேன் போன பிறகு வீடு பழைய வீடுதான். தேய்த்தாகிவிட்டதால் மிக்சர் டப்பாவையும் திறக்க முடியாது, டிவி மட்டும் பேசும். டாக்டர் இரண்டு பேர் வாயையும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இப்படியே தினம் ரெண்டு வேளை தேய்ங்க ஆன்ட்டி, அது போதும்."

ரெண்டு வேளை என்றதை மூன்று வேளை என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணுக்கு என்ன நஷ்டமாகியிருக்கும்?