பேனரில் முடி வெட்டிக்கொண்ட வேலு

புது ஃப்ளெக்ஸ் பேனரைச் சுருள் பிரிக்கும்போது ஒரு மருந்து நெடி குப்பென்று மூக்கில் ஏறும், கவனித்திருக்கிறீர்களா? கல்யாணமோ காதுகுத்தோ கட்சிக் கூட்டமோ, திருவண்ணாமலையில் எதற்கும் முதலில் வந்து நிற்பது அந்த நெடிதான். ஊரில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது, எனக்கு மட்டும் இத்தனை வருஷம் கழித்தும் அது பட்டதும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது.

நான் பத்தாம் வகுப்பு படித்தபோது "கரிச்சட்டி" என்று ஒரு தமிழ் ராக் இசைக்குழு இருந்தது. மற்றவர்கள் எல்லாம் சென்னைப் பையன்கள், பேஸ் கிடார் வாசித்த வேலு மட்டும் எங்கள் பக்கத்து அடி அண்ணாமலைக்காரன். தோளுக்குக் கீழே புரளும் முடி, ஒற்றைக் காதில் வளையம், தொடைவரை இறங்கித் தொங்கும் கிடார் என்று அவன் மேடையில் ஓரமாகக் கண்ணை மூடி நிற்பான். எல்லோரும் பாடுகிறவனைக் கேட்டார்கள் என்றால், நானும் என் சிநேகிதி தேன்மொழியும் பாட்டுக்கு அடியில் "தும் தும்" என்று போகிற வேலுவைத்தான் கேட்டோம். இருந்த ஒரே சிடியை அவள் வீட்டிலும் என் வீட்டிலுமாக மாற்றி மாற்றிப் போட்டுத் தேய்த்தோம். "இன்னாடி இது, மாவு மிஷின் ஓடற மாதிரி, ஒரு எழவும் புரியல" என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்துவாள்.

வேலுவின் அப்பாவுக்குக் கிரிவலப் பாதையோரம் வீடும் அதை ஒட்டிப் பெட்டிக்கடையும். "முடிய வெட்டிக்கினு வந்தா வாசப்படி ஏறட்டும், இல்லன்னா வந்த வழியே போவட்டும்" என்று அவர் ஊரறியச் சொல்லிவிட்டார். வேலு வெட்டவில்லை. ஊருக்கு வந்தாலும் ரோட்டோரம் நின்றபடியே அம்மாவைப் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுவானாம். பின்னல் கொஞ்சம் தளர்ந்தாலே வீட்டில் வசை வாங்கிக்கொண்டிருந்த எங்களுக்கு, ஒருத்தன் தன் தலைமுடிக்காக வீட்டையே வேண்டாம் என்று நிற்பது எப்பேர்ப்பட்ட காரியம்!

அந்த வேலு ஒரு கச்சேரி முடிந்து திரும்புகிற வழியில் வேன் கவிழ்ந்து செத்துப்போனான். நான் சாப்பிடாமல் அழுதேன், அழுததற்கும் திட்டு விழுந்தது. "யாருடி அவன் உனக்கு? மாமனா, மச்சானா? ஊரான் சாவுக்கு நீ ஏன் ஒப்பாரி வெக்கற?" என்று அம்மா கேட்டாள். என்ன உறவு என்று சொல்ல எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. பெண்பிள்ளைகள் என்று சாவுக்கும் அனுப்பவில்லை.

சரி, ஊர் வழக்கப்படியே துக்கம் காட்டுவோம் என்று முடிவு செய்தோம். எங்கள் ஊரில் செத்தவருக்கு யார் யார் வேண்டியவர்கள் என்பதைக் "கண்ணீர் அஞ்சலி" பேனரின் அடியில் இருக்கும் பெயர்கள்தான் சொல்லும். வேலுவின் காரியத்தன்று எங்கள் பேனர் அவன் வீட்டெதிரே நிற்க வேண்டும், மேலே வேலு வேலுவாகவே இருக்க வேண்டும், கீழே "ரசிகைகள்" என்று போட்டு எங்கள் பெயர்கள் வர வேண்டும். இதற்குமேல் நாங்கள் எதற்கும் ஆசைப்படவில்லை.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் போட்டோ ஸ்டூடியோவும் பேனர் கடையும் சேர்த்து நடத்திய முருகையன் அண்ணனிடம் சிடி அட்டையைக் கொடுத்தோம். அதில்தான் கண்ணை மூடி வாசிக்கும் வேலுவின் படம் இருந்தது. "படத்துல கை வெக்காதீங்கண்ணே, அப்படியே போடுங்க" என்று தேன்மொழி படித்துப் படித்துச் சொன்னாள். "நீ போம்மா, நான் பாத்துக்கறேன். எத்தினி சாவுக்குப் போட்டிருக்கேன்!" என்றார் அவர்.

பார்த்துக்கொண்டார். காரியத்தன்று காலை வீட்டுக்குத் தெரியாமல் நாங்கள் அங்கே போய் நிற்க, தன் வண்டியில் வைத்துக் கொண்டுவந்து வேலு வீட்டெதிரே அவரே பிரித்தார். நெடி முதலில் வந்தது, பிறகு மாலை போட்ட ஒரு முகம் வந்தது. ஒட்ட வெட்டிய கிராப்பு, படிய வாரிய வகிடு, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதிப் பட்டை. காது வளையத்தைக் காணோம், கிடார் இருந்த இடத்தில் ஒரு குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"யாருண்ணே இது?" என்றேன்.

"இன்னாம்மா இப்படிக் கேட்டுட்ட? உங்க வேலுதான். பரட்டத் தலையும் அதுவுமா இருந்துது, நாலு பேரு கையெடுத்துக் கும்பிடற மாதிரி ஆக்கிட்டேன்."

"கண்ணு தொறந்திருக்கே?"

"மூடுன கண்ணோட போட்டா வூட்டுக்கு ஆவாதும்மா. நம்மகிட்ட ஃபைல்ல ஒரு கண்ணு இருந்துது, நல்லா சேந்துக்கிச்சு பாரு."

கீழே பார்த்தேன். எங்கள் பெயர்கள் இல்லை, "உற்றார் உறவினர்" என்று இருந்தது. "ஆம்பள சாவுக்கு வயசுப் புள்ளைங்க பேரப் போட்டா ஊரு நாலு விதமா பேசாதா? உங்க நல்லதுக்குத்தான் எடுத்துட்டேன்" என்றார் அந்தப் புண்ணியவான். தேன்மொழி அழ ஆரம்பித்துவிட்டாள். "இத கட்டக் கூடாது, சுருட்டுங்க!" என்று நான் போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது.

சத்தம் கேட்டு வேலுவின் அப்பா வெளியே வந்தார். தோள் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு பேனருக்கு முன்னால் வந்து அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏ, இங்க வா. உன் புள்ள முடி வெட்டிக்கினு வந்துட்டான் பாரு."

அந்த அம்மா ஓடிவந்து தரையில் உட்கார்ந்து கதறினாள். அவரோ பேனரின் ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டு, "வாசப்படிக்கு மேல கட்டுப்பா" என்றார். சுருட்டப் பிடித்த மறு முனை என் கையில் இருந்தது. விட்டுவிட்டேன், வேறென்ன செய்வது? அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அழுகையும் வந்தது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், கோபம் மட்டும் போகவில்லை. உயிரோடு இருந்தவரை அவன் யாருக்கும் விட்டுக்கொடுக்காத முடி அது.

கரிச்சட்டி அதோடு கலைந்துபோனது. சிடி கீறல் விழுந்து ஓடாமல் போனது, அட்டையை முருகையன் அண்ணன் திருப்பித் தரவேயில்லை, இப்போது அவர் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். இணையத்தில் வேலுவின் பெயரைப் போட்டுத் தேடினால், யாரோ எடுத்துப் போட்ட அந்தப் பேனர் படம்தான் வருகிறது. ஒவ்வொரு நினைவு நாளுக்கும் புதுப் பையன்கள் அந்த வெள்ளைச் சட்டைக்காரனுக்குக் கீழே "ராக்னா எங்க அண்ணன்தான்" என்று எழுதி இதயம் இதயமாகப் போடுகிறார்கள். பொறுக்க முடியாமல் ஒருமுறை "இது வேலு இல்லை, அவர் இப்படி இருக்க மாட்டார்" என்று எழுதினேன். "அவர் உங்களுக்கு யாரு ஆன்ட்டி?" என்று ஒரு பொடியன் கேட்டான். அம்மா கேட்ட அதே கேள்வி.

போன பௌர்ணமிக்குக் கிரிவலம் போனபோது அந்த வீட்டெதிரே நின்றேன். பேனர் கிழிந்துபோய்விட்டதாம், அதே முகத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசற்படிக்கு மேலே மாட்டியிருந்தார்கள். கூட்டம் என்னை இடித்துக்கொண்டு போனது, நான் நகராமல் முறைத்தேன். யாருடைய கண்களோ அவை, என்னை முன்பின் பார்த்திராததுபோல் பார்த்துக்கொண்டிருந்தன.