பெரிய முதலாளியின் காலைக் காபியும் இன்கா ராஜாக்களும்

எழுபதுகளின் நடுவில், வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஏலத்தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் சரித்திரம் எடுத்துக்கொண்டிருந்தேன். பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோயம்புத்தூர்த் தமிழ் பேசும் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவள். தோட்டத்துத் தமிழ் கம்பம், மதுரைப் பக்கத்துத் தமிழ். நான் ‘ஊடு’ என்று சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் ‘வீடு’ என்று மாற்றிக்கொண்ட பிறகும் பழக்கத்தில் சிரித்தார்கள்.

பள்ளிக்கூடம் தோட்ட முதலாளிக்குச் சொந்தம். அவருடைய அப்பாவைப் பெரிய முதலாளி என்பார்கள். பெரிய முதலாளி இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனால் அந்தச் செய்தியை அவருக்கு யாரும் தெரிவிக்கவில்லை என்றுதான் நினைக்கத் தோன்றும். பங்களாவின் முன்னறையில் அவருடைய நாற்காலி, அதன்மேல் ஆளுயரப் படம், கீழே செருப்பு, பக்கத்தில் வெற்றிலைப் பெட்டி. காலையில் படத்துக்கு முன்னால் காபி வைக்க வேண்டும். சூடு குறைந்தால் அவருக்குப் பிடிக்காது. மத்தியானம் மீன் குழம்பு. புளி கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். ஆறிய காபியைப் பாத்திரம் தேய்ப்பவள் குடித்தாள், மீன் குழம்பை முதலாளி சாப்பிட்டார். பெரிய முதலாளிக்கு இதிலெல்லாம் ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை.

இவை எல்லாவற்றையும் செய்தவர் முதலாளியின் மனைவி. கம்பத்துப் பெண். உயிரோடு இருந்தபோது மாமனாருக்குச் செய்ததைவிட இறந்த பிறகு அதிகம் செய்கிறோம் என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அப்போது உப்புக் குறைந்தால் அவரே கேட்டுப் போட்டுக்கொள்வாராம், இப்போது அவருக்காக மகன் கோபித்துக்கொள்கிறாராம்.

தோட்டத்தில் எதற்கும் அப்பாவைக் கேட்டுத்தான் முடிவு. கேட்கும் முறை இதுதான். கணக்கப்பிள்ளை ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் பொட்டலம் கட்டிப் படத்தின் முன்னால் வைப்பார். மருமகள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் மறுப்பு. மற்றப் பொட்டலத்தைக் கணக்கப்பிள்ளை கையோடு எடுத்துப்போய் ஓடையில் விட்டுவிடுவார். முதலாளி புது ஜீப் வாங்கக் கேட்டபோது வெள்ளை வந்தது. தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்துக் கூரைக்குத் தகரம் கேட்டபோது சிவப்பு. தங்கச்சி கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் போகட்டுமா என்று மருமகளே கேட்டபோதும் சிவப்பு. முகூர்த்தத்துக்குப் போய் மாலையே திரும்பினார். செத்த பிறகு மனிதருக்குத் தோட்ட நிர்வாகத்தில் நல்ல பிடிப்பு வந்திருந்தது.

நான் குடியிருந்தது லயத்தின் கடைசி அறை. மழைக்காலத்தில் கட்டிலை நகர்த்தி நகர்த்தி, கடைசியில் அடுப்பின் பக்கத்தில் படுத்துத் தூங்குவேன். ஆகவே தகர விஷயத்தில் எனக்கும் அக்கறை உண்டு.

சரித்திரப் புத்தகத்தில் இன்காக்களைப் பற்றிப் பாதிப் பக்கம் இருந்தது. தலைமையாசிரியர், அது காட்டுமிராண்டிகளின் கதை, பரீட்சையில் கேள்வி வராது, ஓட்டிவிடுங்கள் என்றார். சொல்லும்போதே மூக்குப்பொடி போட்டுக்கொண்டு, எதிரே பூனை போனதால் கொஞ்ச நேரம் நின்று, அப்புறம் வகுப்புக்குப் போனார். எனக்குப் பாலக்காட்டுக் கல்லூரியில் படித்த ஒரு தடிமனான புத்தகம் நினைவிருந்தது. விரிவாகவே நடத்தினேன்.

சூரியன்தான் அவர்களுக்குக் குலதெய்வம், ராஜா சூரியனின் மகன் என்றேன். மலை, ஊற்று, பாறை எல்லாவற்றையும் கும்பிட்டார்கள். கணவாய் ஏறும் வழிப்போக்கர்கள் உச்சியில் ஒரு கல்லையோ மென்ற இலைச் சக்கையையோ வைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். குமுளியிலிருந்து கம்பத்துக்கு இறங்கும் பஸ்ஸை நிறுத்திச் சூடம் கொளுத்தாமல் எந்த டிரைவரும் மலை இறங்கியதில்லை. அது வேறு விஷயம்.

பிறகு செத்த ராஜாக்களின் கதைக்கு வந்தேன். உடலைப் பதப்படுத்தி, நல்ல துணி உடுத்தி, உட்கார வைத்துவிடுவார்கள். ஈ ஓட்ட ஆள் உண்டு. வேளாவேளைக்குச் சாப்பாடு. நிலமும் அரண்மனையும் செத்தவர் பேரிலேயே இருக்கும், உறவுக்காரர்கள் அவர் சார்பில் அனுபவிப்பார்கள். திருவிழாவில் எல்லாச் செத்த ராஜாக்களையும் சதுக்கத்துக்குத் தூக்கிவந்து மதுவை ஊற்றுவார்கள். முதல் பெஞ்சில் இருந்த ஒரு பெண் எழுந்து, “டீச்சர், நம்ம பெரிய முதலாளி மாதிரியா?” என்று கேட்டாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் செய்தி பங்களாவுக்கு ஏறிவிட்டது. மறுநாள் முதலாளி கூப்பிட்டனுப்பினார். பெட்டியைக் கட்டிவிடலாமா என்று யோசித்துக்கொண்டேதான் போனேன். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

“சக்கரவர்த்திங்களே இப்படித்தான் செஞ்சாங்களாமே, டீச்சர்?”

“ஆமாங்க. புஸ்தகத்துல அப்படித்தானுங்க இருக்குது.”

அவர் படத்தைத் திரும்பிப் பார்த்தார். அப்பாவுக்குப் பதவி உயர்வு கிடைத்த சந்தோஷம் அந்தப் பார்வையில் தெரிந்தது. அந்த மாதம் வரும் நினைவு நாளில், தொழிலாளிகளுக்கு முன்னால் இன்காக்களைப் பற்றி நான் பேச வேண்டும் என்றார். சோம்பேறிகளுக்கு அவர்கள் கடுமையான தண்டனை கொடுத்தார்களாமே, அதை அழுத்திச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அதை யார் அவருக்குச் சொன்னார்களோ, தெரியாது. தலைமையாசிரியர் பக்கத்தில் நின்று, இன்கா நாகரிகம் உலகத்திலேயே உயர்ந்தது என்றார்.

நினைவு நாளன்று ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோருக்கு முன்னால் பந்தல் போட்டார்கள். நாற்காலியையும் படத்தையும் புது ஜீப்பில் ஏற்றி, மேளத்தோடு பங்களாவிலிருந்து ஸ்டோர் வரைக்கும் கொண்டுவந்தார்கள். ஒருவர் படத்துக்குக் குடை பிடித்தார். காயெடுக்கும் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். லேசாகத் தூறியது. அவர்களுக்குக் குடை இல்லை.

நான் பேசினேன். சோம்பேறிகளைத் தண்டித்ததைச் சொன்னேன், முதலாளி தலையாட்டினார். உழைத்தவர்களுக்கு ராஜா வயிறாரச் சோறும் குடியும் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்பதையும் சொன்னேன். களஞ்சியங்களில் தானியமும் துணியும் அடுக்கியிருக்கும், விளைச்சல் பொய்த்தால் அதைத் திறப்பார்கள், விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் அதிலிருந்து கொடுப்பார்கள் என்றேன். முதலாளியின் தலை அந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாக ஆடியது.

கூட்டம் கதை கேட்கும் குஷியில் இருந்ததால் இன்னொன்றும் சொன்னேன். படையெடுத்து வந்த ஒரு ஸ்பானியச் சிப்பாயை, ஒரு கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டுவர ஒரு பெரிய மனிதரிடம் அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் பெரிய மனிதர் செத்துப் பதப்பட்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பக்கமும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். அவர்கள்தான் அவர் சார்பில் பேச நியமிக்கப்பட்டவர்கள். கேள்வியைக் கேட்டதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, அவருக்குச் சம்மதம் என்று சொன்னார்கள். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதலாளியின் மனைவி மட்டும் சிரிக்காமல் கணக்கப்பிள்ளையைப் பார்த்தார்.

நான் உட்கார்ந்ததும் காயெடுக்கும் பெண்களில் மூத்தவர் ஒருவர் எழுந்தார். வைகாசிப் பாதியில் பிடிக்கும் இடவப்பாதி மழை வருகிறது, லயத்துக்குத் தகரம் போட்டுத்தர வேண்டும், அந்த ராஜாக்கள் அவ்வளவு செய்தார்களென்றால் நம் பெரிய முதலாளி இதையாவது செய்யமாட்டாரா என்று பணிவாகக் கேட்டார். முதலாளிக்கு வழக்கமான வழி இருந்தது. அப்பாவையே கேட்டுவிடுவோம் என்றார்.

கணக்கப்பிள்ளை பொட்டலங்களை வைத்தார். மருமகள் கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது. கணக்கப்பிள்ளை வழக்கம்போல மற்றப் பொட்டலத்துக்குக் கையை நீட்டினார். அதற்குள் மருமகள் அதை எடுத்துவிட்டார்.

“அத வைங்கம்மா, தெய்வக் குத்தம்” என்றார் கணக்கப்பிள்ளை.

மருமகள் அதைப் பிரித்தார். அதிலும் சிவப்பு அரளி.

அவர் அழவில்லை. இரண்டு பூக்களையும் எல்லோருக்கும் தெரியும்படி நாற்காலியின் மேல் வைத்துவிட்டு, புருஷனைப் பார்த்துச் சொன்னார்.

“நாளையிலருந்து மாமாவுக்குக் காப்பி நீங்களே போட்டு வைங்க.”

முதலாளி எழுந்தார். முகம் வெளிறியிருந்தது. ஆனால் பரம்பரைத் தோட்டக்காரர், இடறினாலும் விழமாட்டார். “ரெண்டு தடவ வேண்டாம்னு சொன்னா வேணும்னுதான அர்த்தம்? அப்பா சம்மதிச்சுட்டாரு” என்றார். தலைமையாசிரியர் இலக்கணப்படி அது சரிதான் என்று எனக்குக் கேட்கும்படி சொன்னார். பெண்கள் கை தட்டினார்கள். அவ்வளவு பேர் கை தட்டிய பிறகு அவரால் பின்வாங்க முடியவில்லை. மழை கனப்பதற்கு முன்னால் தகரம் வந்துவிட்டது.

முதலாளியின் மனைவி மறுநாள் காலையிலேயே குமுளிக்குப் போய்க் கம்பத்து பஸ் ஏறினார். யாரையும் கேட்கவில்லை. முதலாளி சில நாள் காபி போட்டுப் பார்த்தார். பால் பொங்கி அடுப்பு அணைந்தது, மீன் குழம்பில் புளி மட்டும் இருந்தது. பெரிய முதலாளிக்குத் திடீரென்று உபவாசத்தில் பக்தி வந்துவிட்டதாகப் பங்களாவில் சொன்னார்கள். கடைசியில் முதலாளியே கம்பத்துக்குப் போய் அழைத்துவந்தார். அந்த அம்மா வந்ததும் நாற்காலியைச் சாமான் அறைக்கு மாற்றினார், படத்தைச் சுவரில் மற்றப் படங்களோடு மாட்டினார், முன்னறையில் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டார். பழைய துணிகளை வெட்டிக் காயெடுக்கும் பெண்களுக்குத் தலைத்துணி தைத்துக் கொடுத்தார். கணக்கப்பிள்ளையின் வேலை போகவில்லை. இதுபோன்றவர்களுக்குப் போவதில்லை. பூக்கட்டும் வேலை போனதும் முதலாளிக்குக் கம்பத்தில் ஒரு ஜோசியரைப் பிடித்துக் கொடுத்தார்.

என்னை யாரும் திட்டவில்லை. தலைமையாசிரியர் மட்டும் இன்காக்கள் காட்டுமிராண்டிகள்தான் என்ற பழைய முடிவுக்குத் திரும்பியிருந்தார். அந்தப் பாடத்தை இனி எடுக்க வேண்டாம், அடுத்த பாடத்துக்குப் போங்கள், அதில் வம்பு எதுவும் இல்லையே என்று கேட்டார். இல்லீங்க என்றேன். அடுத்த பாடம் பிரெஞ்சுப் புரட்சி.