தவிட்டுக்கு வாங்கின பிள்ளை

வருசம் முப்பத்தஞ்சோ முப்பத்தாறோ ஆச்சு, சரியா நினைவில்லை. பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே எங்க ஊர்ல மாரியம்மன் தேர். எனக்கு முதல் ரெண்டு பிள்ளைகளும் தங்கலை. மூணாவது பையனுக்கு அப்ப மூணு மாசம். இவனாவது நிலைக்கட்டும்னு, அம்மனுக்குக் கொடுத்துட்டு ஒரு முறம் தவிடு போட்டுத் திரும்ப வாங்கிக்கறதா வேண்டியிருந்தேன்.

எங்க ஊர் வழக்கப்படி, அப்படிக் கொடுக்கற பிள்ளை மேல வீட்டுப் பொருள் எதுவும் இருக்கக்கூடாது. அரைஞாண் கயித்தைக்கூட அவுத்துப்போட்டு, உச்சியிலிருந்து பாதம் வரைக்கும் மஞ்சள் பூசி, மஞ்சத் துணியில சுத்தித்தான் தேர் மேல நிக்கற பூசாரிகிட்ட நீட்டணும். அன்னிக்கு ஏழெட்டுப் பிள்ளைக. அம்மன் காலடியில வெச்சு எடுத்து இறக்கறதுக்குள்ள ஜனம் வடத்தை இழுத்துருச்சு. ஒரே தள்ளுமுள்ளு. நாலு கை மாறி ஒரு பிள்ளை என் கைக்கு வந்துச்சு. அது அழுத அழுகையில கிணத்தடிக்கு ஓடி மார்ல போட்டேன். சப்புச் சப்புனு குடிச்சுது. பெத்தவ நான், எனக்குத் தெரியலை பாருங்க.

துணி ஈரமா இருந்துச்சு. குடிக்கக் குடிக்கவே பிரிச்சுப் பார்த்தா, பொம்பளைப் பிள்ளை.

எனக்கு ஒண்ணுமே ஓடலை. அம்மன்தான் மாத்திப்போட்டாளோன்னுகூட நினைச்சேன், சிரிக்காதீங்க. மார்லிருந்து அதைப் பிடுங்கினேன். வீல்னு கத்தின பிள்ளையைத் தூக்கிக்கிட்டே தேர் போன பக்கம் ஓடினேன். வடம் பிடிச்சிட்டிருந்த வீட்டுக்காரர்கிட்ட அழுதா, "பிள்ளைதான் உன் கையில இருக்குதே"ங்கறார். அவரை விட்டுட்டு மறுபடி ஓடினேன். மூணு வீதி சுத்தியாச்சு. இவனும் போயிட்டான்னே மனசு சொல்லிருச்சு.

கால் ஓய்ஞ்சு, தேர் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தேன். அங்க வேப்பமரத்து நிழல்ல ஒரு பொம்பளை தனியா உக்காந்திருந்தா. தெலுங்கு பேசற வீட்டு மருமக. முகம் தெரியும், பேசினதில்லை. அவ மடியில என் பையன், கடைவாயில பால் வழியத் தூங்கறான்.

"கைக்கு வந்ததுமே என்ற பிள்ளை இல்லைன்னு தெரிஞ்சு போச்சுங்க. நானும் தேடக் கிளம்பினா ஆளுக்கொரு பக்கம் சுத்துவோம்னு இங்கயே உக்காந்துட்டேன். பையன் பசியில அழுதானுங்க, பால் குடுத்துப்போட்டேன்"னா.

பிள்ளைகளை மாத்திக்கிட்டோம். அவ பிள்ளை அழுதழுது தொண்டை கட்டிப்போய், அம்மா மார்ல முட்டி முட்டிக் குடிச்சுது. "பாவம், நல்ல பசியாட்டம் இருக்குதுங்க"ன்னு என்கிட்டயே சொன்னா. எனக்குத் தலை நிமிரலை.

தேர் நிலைக்கு வந்ததும் முறத்துல தவிடு போட்டு வேண்டுதலை முடிச்சேன். பையனுக்கு இப்ப தலையில நரை எட்டிப் பாக்குது. அம்மன்கிட்ட வாங்கின பிள்ளைன்னுதான் ஊர்ல சொல்றாங்க. ஆனா தன்னோடதில்லைன்னு தெரிஞ்சும் அவ என் பையனுக்குப் பால் கொடுத்தா, அது தெரிஞ்ச நிமிசத்துலயே நான் அவ பிள்ளை வாயிலிருந்து மாரைப் பிடுங்கினேன். அதை நினைச்சா எனக்கு இன்னும் ஆறமாட்டேங்குது.